யானைகளுக்குச் சத்தம் பழக்கும் நாள்

மைசூரில் அரண்மனையைச் சுற்றிக் குடியிருப்பவர்களுக்குச் சில சத்தங்கள் காதிலேயே ஏறாது. தசராவுக்கு முன்னால் அரண்மனைப் பக்கத்து மைதானத்தில் பீரங்கி வெடிப்பார்கள். ஊர்வலத்தன்று அம்பாரி சுமக்கும் யானையும் கூட வரும் குதிரைகளும் வெடிச்சத்தத்தில் மிரண்டுவிடக் கூடாதென்று முன்கூட்டியே நடத்தும் ஒத்திகை அது. ஜன்னல் கண்ணாடி அதிரும், காக்கைகள் கூட்டமாகக் கிளம்பும், நான் பாட்டுக்குத் தோசையைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருப்பேன். தெருவுக்குப் புதிதாகக் குடிவந்தவர்கள் பதறினால், "யானைக்குச் சத்தம் பழக்கறாங்க" என்று சொல்வோம். அதோடு சரி. அந்த வருஷம் வீட்டுக்கு வந்திருந்த ஒருத்தியிடம் அதைச் சொல்ல வேண்டுமென்று எங்கள் யாருக்கும் தோன்றவில்லை.

அவள் என் தம்பி மகள். பதினோரு வயது. பிறந்தது வளர்ந்தது எல்லாம் அமெரிக்காவில். என் அப்பாவின் முதல் வருஷத் திதிக்காகத் தம்பி தன் மனைவியையும் மகளையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தான். திதி எங்கள் வீட்டிலேயே முடிந்தது. பிறகு அவனும் நானும் எங்கள் சொந்த ஊரான கௌதள்ளிப் பக்கம் போய் இன்னொரு காரியத்தை முடிக்க வேண்டியிருந்தது. அப்பாவின் துப்பாக்கியை என்ன செய்வதென்று ஒரு முடிவு சொல்ல வேண்டும்.

துப்பாக்கி என்றதும் மீசையும் ஜமீனும் நினைவுக்கு வந்தால் அதை அப்படியே ஒதுக்கிவிடுங்கள். ஹனூர்க் காட்டோரம் நிலம் வைத்திருப்பவர்கள் பயிரைக் காக்கத் துப்பாக்கிக்கு உரிமம் வாங்கி வைத்திருப்பது அதிசயமில்லை. காட்டுப் பன்றிக் கூட்டம் ஒருமுறை புகுந்து போனால் அந்தப் போகம் போனதுதான். அப்பாவுடையது ஒற்றைக்குழல் நாட்டுத் துப்பாக்கி. குழலின் வாய் வழியாக மருந்தைப் போட்டு, குச்சியால் இடித்து இறுக்கி, அப்புறம்தான் சுட முடியும். அவரும் பெரும்பாலும் வானத்தைப் பார்த்துத்தான் சுடுவார். ஒருமுறை சுட்டு, அடுத்ததற்கு அவர் தயாராவதற்குள் பன்றி பக்கத்து ஊருக்குப் போய்ச் சேர்ந்திருக்கும்.

அப்பா இறந்ததும் அது காவல் நிலையத்துக்குப் போய்விட்டது. வாரிசுகளில் யாராவது தன் பேரில் உரிமம் கேட்கலாம், அல்லது வேண்டாமென்று எழுதிக் கொடுத்துவிடலாம். என் பேருக்கு மாற்றிக்கொள்ளச் சொன்னான் தம்பி. காப்பீட்டு அலுவலகத்தில் உட்கார்ந்து பாலிசி புதுப்பிக்கிறவள் நான். மைசூரில் எந்தப் பன்றியைச் சுடப் போகிறேன், என் மேலாளரையா என்று கேட்டேன். அவன் சிரிக்கவில்லை. என் தம்பி எதற்கும் சிரித்துவிடுகிறவன், அதனால் எனக்கு அப்போதே ஏதோ உறுத்தியது.

கீரை ஆய்ந்துகொண்டே அவன் மனைவி எனக்கு விஷயத்தைச் சொன்னாள். சில மாதங்களுக்கு முன் அவர்களுக்குப் பக்கத்து ஊரில் ஒரு கடைவளாகத்துக்குள் ஒருவன் துப்பாக்கியோடு நுழைந்திருக்கிறான். அந்தச் செய்தியை நானும் தொலைக்காட்சியில் பார்த்து, தம்பிக்குப் போன் செய்து, "எல்லாரும் சௌக்கியம்" என்று அவன் சொன்னதைக் கேட்டு நிம்மதியாகத் தூங்கியிருக்கிறேன். அவர்கள் வீட்டில் யாரும் தூங்கவில்லை போலிருக்கிறது. அந்தக் கடைக்கு முந்தின வாரம்தான் மகளுக்குச் செருப்பு வாங்கப் போயிருந்தார்கள். அன்றிலிருந்து தம்பிக்கு ஒரே பேச்சு: வீட்டில் ஒரு கைத்துப்பாக்கி வாங்கி வைக்க வேண்டும். பயிற்சிக்கும் பேர் கொடுத்துவிட்டான். திரும்பிப் போனதும் வாங்கப் போகிறான்.

"அது வீட்டுக்குள்ள வந்துச்சுன்னா நான் பொண்ணைக் கூட்டிட்டு இங்கயே வந்துருவேன் அண்ணி. கோபத்துல சொல்லலைங்க, யோசிச்சுத்தான் சொல்றேன்" என்றாள். கீரைக் காம்பைக் கிள்ளும் வேகத்திலேயே தெரிந்தது, சும்மா சொல்லவில்லை என்று. ஒரு துப்பாக்கிக்காக ஒரு குடும்பம் இரண்டாகப் போவதை அப்பா பார்த்திருந்தால் தன்னுடையதை எடுத்துக் கிணற்றில் போட்டிருப்பார்.

அன்று சாயங்காலம் காபியோடு விவாதம் தொடங்கியது. அங்கே ஏன் இப்படிக் கூட்டத்தில் புகுந்து சுடுகிறார்கள் என்பதுதான் பேச்சு. தனிமை என்றான் தம்பி. மனநோய், பேச ஆளில்லாத பையன்கள், எந்நேரமும் இணையத்தில் விஷம் குடித்துக்கொண்டிருக்கிறார்கள், அதைச் சரிசெய்யாமல் துப்பாக்கியைக் குறைசொல்லிப் பயனில்லை. என் கணவர் செல்போன் விளையாட்டுகள்தான் காரணம் என்றார். அவரைப் பொறுத்தவரை வெங்காய விலை ஏறினாலும் செல்போன்தான் காரணம். அதெல்லாம் எல்லா நாட்டிலும் இருக்கிறது, கைக்கெட்டும் தூரத்தில் துப்பாக்கி அங்கேதான் இருக்கிறது என்றாள் தம்பி மனைவி.

எனக்கு அவள் சொன்னதுதான் சரியென்று பட்டது. நம் ஊரில் தனிமை இல்லையா? கோபம் இல்லையா? எங்கள் பக்கம் வரப்புச் சண்டையில் அரிவாள் எடுத்தவர்களை நானே பார்த்திருக்கிறேன். ஆனால் அரிவாள் எடுத்தவன் ஓடி வர வேண்டும். ஓடி வருவதற்குள் நாலு பேர் இடுப்பைக் கட்டிப் பிடிப்பார்கள், அவன் அம்மா குறுக்கே விழுவாள். அப்பாவின் துப்பாக்கியாக இருந்தால் மருந்தை இடித்து முடிப்பதற்குள் கோபமே வடிந்துவிடும். இதைச் சொன்னபோது தம்பி மட்டும் கொஞ்சம் சிரித்தான். பிறகு சொன்னான்:

"நம்ம வீட்டுலயும் துப்பாக்கி இருந்துச்சுல்ல அக்கா. ஏதாச்சும் ஆச்சா? ஒண்ணும் ஆகலை. அது இருக்குதுன்னுதான் நாம நிம்மதியாத் தூங்கினோம்."

இருவரும் ஒரே வீட்டில் வளர்ந்தவர்கள்தான். அவனுக்கு ஞாபகம் இருப்பது சுவரில் தொங்கிய துப்பாக்கி. எனக்கு ஞாபகம் இருப்பது அது தொங்காத வெறும் ஆணி. தேர்தல் வந்தால் உரிமம் வைத்திருக்கும் எல்லாரும் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைத்துவிட வேண்டும், முடிவு வந்த பிறகு திரும்ப வாங்கிக்கொள்ளலாம் என்பது இங்குள்ள வழக்கம். அப்பா துப்பாக்கியைச் சாக்கில் சுற்றி, சாக்கின் வாயைக் கயிற்றால் கட்டி, பஸ்ஸில் எடுத்துப் போவார். ஒருமுறை நானும் கூடப் போனேன். நிலையத்துச் சுவரோரம் ஊர்த் துப்பாக்கிகள் அத்தனையும் பேர் எழுதிய அட்டையோடு சாத்தி வைத்திருந்தார்கள். ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டு திரியும் பங்காளிகளுடையவை இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. அப்பா வழியெல்லாம் அரசாங்கத்தைத் திட்டுவார். ஆனால் கொடுக்காமல் இருந்ததில்லை. அந்த வாரங்களில் பன்றி வந்தால் எல்லாரும் சேர்ந்து தகரம் தட்டுவோம்.

அதை அவனுக்கு ஞாபகப்படுத்தினேன். அங்கே போய் இப்படி ஒப்படைக்கச் சொன்னால் சண்டையே வந்துவிடும் என்றான். "ஆய்து பிடு" என்று கன்னடத்தில் முடித்துவைத்தார் என் கணவர். எங்கள் வீட்டில் எந்தப் பேச்சையும் போதும், விடு என்று நிறுத்த அவர் வைத்திருக்கும் மந்திரம் அது.

தம்பியை நான் முட்டாள் என்று சொல்ல மாட்டேன். அவன் பயந்திருந்தான். சின்ன வயதிலிருந்தே பயந்தவன். பள்ளிக்கூட மேடையில் ஒப்பிக்கச் சொன்னால் அதற்கு முந்தின நாளே காய்ச்சல் வந்துவிடும். நாலு பேர் கூடினால் பேச்சே வராது. அவனுக்குப் பதிலாக நான் போய்ப் பேசிவிட்டு வருவேன். இப்போது மகளைக் காப்பாற்ற வேண்டும், அக்கா பக்கத்தில் இல்லை, அதனால் ஒரு துப்பாக்கி. அது எனக்குப் புரிந்தது. புரிந்ததால் கோபம் குறைந்துவிடவில்லை.

இரண்டு நாள் கழித்துப் பீரங்கி ஒத்திகை வந்தது.

நான் விடுப்பில் இருந்தேன். சமையலறையில் தம்பி மனைவியும் நானும் பேசிக்கொண்டிருந்தோம். தம்பி மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தான். முதல் வெடி விழுந்தது. பாத்திரங்கள் கிணுகிணுத்தன. நான் பேச்சை நிறுத்தக்கூட இல்லை. இரண்டாவது விழுந்தபோதுதான் அவள் முகத்தைப் பார்த்தேன். கையில் இருந்த டம்ளரை வைத்துவிட்டு, "பொண்ணு எங்கே?" என்று கேட்டாள்.

கூடத்தில் இல்லை. அவள் பாதி வரைந்த படமும் வண்ணப் பென்சில்களும் தரையில் கிடந்தன. என் கணவர் நாளிதழ் படித்துக்கொண்டிருந்த நாற்காலியும் காலி. எங்கள் படுக்கையறைக் கதவு சாத்தியிருந்தது. உள்ளே விளக்கு இல்லை, சத்தமும் இல்லை. தம்பி மாடியிலிருந்து இறங்கி ஓடி வந்து கதவைத் தட்டினான். "கண்ணு, அப்பாதான். ஒண்ணுமில்லை, கதவைத் திற" என்றான். பதில் இல்லை. இன்னும் பலமாகத் தட்டினான். மூச்சுச் சத்தம்கூட வரவில்லை. என் கணவரும் உள்ளேதான் இருக்க வேண்டும். பேசாமல் ஐந்து நிமிஷம் இருக்கத் தெரியாத மனிதர் ஏன் பதில் சொல்லவில்லை என்று எனக்கே பயமாகிவிட்டது.

தம்பி மனைவி அவன் கையைப் பிடித்தாள். அவள் குரல் ரொம்பத் தாழ்ந்திருந்தது.

"தட்டாதீங்க. தட்டினா திறக்க மாட்டா. யார் கூப்பிட்டாலும் திறக்கக் கூடாதுன்னு ஸ்கூல்ல சொல்லிக் கொடுத்திருக்காங்க. அப்பா அம்மா குரல் கேட்டாலும்தான். வெளியிலேருந்து சாவி போட்டுத்தான் திறக்கணும்."

தம்பிக்கு அது தெரிந்திருக்கவில்லை. துப்பாக்கியோடு யாராவது புகுந்தால் எப்படி ஒளிந்துகொள்வது என்று பள்ளியில் ஒத்திகை நடக்கிறதென்று தெரியும். மகள் என்ன செய்வாளென்று தெரியாது. கதவில் வைத்த கையை அவன் எடுத்த விதம் எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது.

அந்தக் கதவின் தாழ்ப்பாள் உடைந்து நெடுநாளாகியிருந்தது. சரிசெய்யச் சொல்லிச் சொல்லி எனக்குத்தான் வாய் வலித்தது. அன்று மட்டும் என் கணவரின் சோம்பேறித்தனத்தை மனதார வாழ்த்தினேன். பீரோச் சாவிக்கொத்தில் தேடி எடுத்து, குமிழ்ப் பூட்டைத் திறந்தேன். கதவுக்கு முட்டுக் கொடுத்திருந்த நாற்காலி கரகரவென்று நகர்ந்தது.

பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில், ஜன்னலிலிருந்து பார்த்தால் தெரியாத மூலையில், இருவரும் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அவள் என் கணவரின் தோளை இறுக்கிப் பிடித்திருந்தாள். மற்ற கை அவர் வாய்மேல் இருந்தது. அவர் செல்போன் சத்தம் அணைக்கப்பட்டுப் படுக்கைமேல் குப்புறக் கிடந்தது. அது பீரங்கி என்று அவருக்குத் தெரியாதா? முதல் வெடிக்கு அவள் ஓடிவந்து கையைப் பிடித்து இழுத்திருக்கிறாள். முட்டிவலிக்காரர், எழுந்து போய்த் தரையில் உட்கார்ந்திருக்கிறார். யானைச் சமாச்சாரம் என்று சொல்ல வாயெடுத்தவரின் வாயைப் பொத்திவிட்டாள். குழந்தையின் கை நடுங்கியதைப் பார்த்த பிறகு அதை விலக்க மனம் வரவில்லை என்று பின்னால் சொன்னார். நாற்பது வயதுக்கு மேல் ஆன பிறகு அந்த மனிதர்மேல் எனக்குப் புதிதாகப் பிரியம் வந்தது அன்றுதான்.

தம்பி குனிந்து மகளைத் தூக்கப் போனான். அவள் அழவில்லை. கோபமாக இருந்தாள். அவளுக்குத் தெரிந்த தமிழில், ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்துச் சொன்னாள்:

"நீங்க ஏன் தட்டினீங்க அப்பா? தட்டினா நாங்க உள்ளே இருக்கறது அவங்களுக்குத் தெரிஞ்சிடும்ல."

அவன் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

அது யானைகளுக்கான சத்தம் என்று அவள் அம்மா சொல்லிப் புரியவைத்தாள். கேட்டு முடித்ததும் அவள் முதலில் கேட்டது, யானைக்கு யாராவது முன்னாடியே சொன்னார்களா என்று. இல்லை என்றேன். பாவம் என்றாள். அதற்கு மேல்தான் அழுதாள். நாங்கள் எல்லாரும் ஆளுக்கொரு மூலையில் அழுதோம் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அடுத்த ஒத்திகைக்கு அவளே போக வேண்டும் என்றாள். நான் வேண்டாமென்றுதான் சொன்னேன், அவள் அம்மா அழைத்துப் போகச் சொன்னாள். தூரத்தில் நின்று பார்க்க அனுமதித்தார்கள். காதை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு தம்பியின் முன்னால் நின்றாள். வெடித்ததும் ஒரு குதிரை முன்னங்கால் தூக்கியது. புதிதாக வந்த யானை ஒன்று பின்னுக்கு நகர்ந்தது, பாகன் அதன் காதோரம் ஏதோ பேசிக்கொண்டே இருந்தார். பழகிய யானைகள் காதை மட்டும் ஆட்டின. தம்பி யானையைப் பார்க்கவே இல்லை. மகளின் தலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். வரும் வழியில் என்னிடம், "இதுகளுக்கு வருஷத்துல ரெண்டு மூணு நாள்தான் அக்கா. அதுவும் திருவிழாவுக்கு. இவளுக்கு வருஷம் பூரா" என்றான். விவாதத்தில் ஜெயிக்க எனக்கு ரொம்பப் பிடிக்கும், ஆனால் அன்று வாயை மூடிக்கொண்டேன்.

அந்த வாரமே தம்பியும் நானும் காரில் கொள்ளேகால் வழியாக ஊருக்குப் போனோம். காவல் நிலையத்தில் எழுத்தர் பழைய சாக்கைப் பிரித்துக் காட்டினார். அப்பா கட்டிய அதே கயிறு. வாரிசுகளில் யார் பேருக்கு என்று கன்னடத்தில் கேட்டார். நான் தம்பியைப் பார்த்தேன். யாருக்கும் வேண்டாம் என்று அவன் சொன்னான். பக்கத்தில் நின்ற ஒரு விவசாயி, நல்ல துப்பாக்கியாச்சே என்று உச்சுக்கொட்டினார். பன்றிக்கு இப்போது சூரியசக்தி மின்வேலி போட்டிருக்கிறோம், எங்கள் பங்காளி பார்த்துக்கொள்கிறார் என்று தம்பி அவருக்கு விளக்கம் சொன்னான். கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்து புளியமரத்தடியில் நின்று, அமெரிக்காவில் வாங்குவதாக இருந்ததையும் வாங்கவில்லை, பயிற்சிக்குக் கொடுத்த பேரையும் எடுத்துவிட்டேன் என்று மனைவிக்குப் போன் செய்தான். அந்தப் பக்கம் அவள் என்ன சொன்னாளோ, அவன் ரொம்ப நேரம் கேட்டுக்கொண்டே நின்றான்.

"பயம் போகலைக்கா" என்றான் காரில் ஏறும்போது. "அதை வெச்சுக்கிட்டு என்ன பண்றதுன்னு தெரியலை."

எனக்கும் தெரியவில்லை. தெரியாததைத் தெரியாது என்று சொல்வது எனக்குக் கஷ்டமான காரியம், ஆனால் சொன்னேன். உன் மகளிடமே கேள் என்றேன்.

அவர்கள் ஊர் திரும்பி மாதங்கள் ஓடின. அந்த நாட்டில் எதுவும் தலைகீழாக மாறிவிடவில்லை. அவள் பள்ளியில் ஒத்திகை இன்னும் நடக்கிறது. செய்திகளும் வந்துகொண்டுதான் இருக்கின்றன. இப்போதெல்லாம் செய்தி வந்தால் நான் "சௌக்கியமா" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனை வைப்பதில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை தம்பியே கூப்பிட்டான். குரலில் ஏதோ படபடப்பு. அவர்கள் ஊர்ப் பெற்றோர் கூட்டமொன்றில் பேசினானாம். துப்பாக்கி வைத்திருக்கும் வீடுகளில் அதைக் குழந்தைகள் கைக்கு எட்டாமல் பூட்டி வைக்க எல்லாரும் ஒப்புக்கொள்ள வேண்டும் என்று சிலர் கேட்டிருக்கிறார்கள், பலர் எதிர்த்திருக்கிறார்கள், அந்தக் களேபரத்தில் இவன் எழுந்து நின்றிருக்கிறான்.

நீயா என்று கேட்டேன். நான்தான் என்றான்.

சாக்கையும் கயிற்றையும் பற்றிச் சொன்னானாம். தேர்தல் வந்தால் என் அப்பா திட்டிக்கொண்டே கொண்டுபோய்க் கொடுப்பார், ஊரே கொடுக்கும், யாருக்கும் மானம் போய்விடவில்லை என்று சொன்னானாம். முதலில் சிலர் சிரித்திருக்கிறார்கள். ஒருவர், இது உங்கள் ஊர் இல்லை என்று சொல்லியிருக்கிறார். கூட்டம் கலைந்த பிறகு, வேட்டைக்குப் போகும் ஒரு பெரியவர், வீட்டில் அலமாரி நிறையத் துப்பாக்கி வைத்திருப்பவர், இவனைத் தேடி வந்து, சண்டைக்காரர்களுடையதையும் பக்கத்தில் பக்கத்திலா வைத்தார்கள் என்று விசாரித்தாராம். ஆமாம் என்றதும், துப்பாக்கிக்குப் போடும் பூட்டு எங்கே விற்கிறார்கள் என்று தெரியுமா என்று கேட்டாராம். தெரியாததால் இருவரும் சேர்ந்தே போய்த் தேடியிருக்கிறார்கள். அடுத்த கூட்டத்துக்கு அவரே பக்கத்தில் உட்காருவதாகச் சொல்லியிருக்கிறார்.

அவன் சொல்லி முடிப்பதற்குள் மகள் போனைப் பிடுங்கிவிட்டாள். அவளும் அந்தக் கூட்டத்துக்குப் போயிருக்கிறாள், முதல் வரிசையில் அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள். அப்பா எப்படிப் பேசினார் என்று கேட்டேன். இந்தமுறை சொற்களைத் தேடவே இல்லை.

"கை ரொம்ப நடுங்குச்சு அத்தை. ஆனா கடைசி வரைக்கும் நின்னு பேசினார்."